கையில் ஒரு கணக்குப்பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

ஸ்மார்ட் வாட்ச், நடைக் கணக்கு, இதயம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிப் போன மாதம் அறிவிப்பு வந்தது. வந்த கடிதங்களை ஆசிரியர் மொத்தமாக என் பக்கம் தள்ளிவிட்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். உடம்பில் கட்டிய சென்சார் பதிவு செய்த அசைவுகளை எடுத்து, பிற்பாடு யார் யாருக்கு இதய நோய் வந்தது என்ற விவரத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி வேலை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருச்சி: எனக்கு வயது 68. மகன் வாங்கிக் கொடுத்த வாட்சில் நாளுக்கு 10,000 அடி என்று இலக்கு வைத்திருக்கிறான். எனக்கு 6,000-க்கு மேல் போவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து கணக்கை முடிக்கிறேன். மனைவி சிரிக்கிறாள். இது தேவையா?

அம்மா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. 10,000 என்ற எண் எந்த மருத்துவ ஆய்வின் முடிவாகவும் பிறக்கவில்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. உடற்பயிற்சி மோகம் நாடெங்கும் பரவியிருந்த அந்தச் சூட்டில், 1965-ல் யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்றே அதற்குப் பெயர். சொல்ல எளிதான, முழுசான எண். அறுபது வருஷமாக நம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆய்வு பிந்தித்தான் வந்தது. ஹார்வர்டில் ஐ-மின் லீ தலைமையில் 2019-ல் வெளியான ஆய்வு உங்கள் வயதுக்காரர்களைப் பற்றியது. 16,741 பெண்கள், சராசரி வயது 72, ஏழு நாள் இடுப்பில் சென்சார் மாட்டியிருந்தார்கள். அதன் பிறகு சராசரியாக நாலு வருஷத்துக்குச் சற்று மேல் கண்காணித்தார்கள். நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. அடி கூடக் கூட இறப்பு இன்னும் குறைந்தது. 7,500 வாக்கில் வரைபடத்தின் கோடு சமமாகிவிட்டது, அதற்கு மேல் குறையவில்லை. வேகமாக நடந்தார்களா, மெதுவாக நடந்தார்களா என்பது, மொத்த அடியைக் கணக்கில் எடுத்த பிறகு, பெரிய வித்தியாசம் காட்டவில்லை. 2022-ல் 15 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் பலன் ஏறி, பிறகு நின்றது.

ஆக, உங்கள் 6,000 தோல்வி இல்லை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். நடக்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்களும் ‘குறைவாக நடந்தவர்கள்’ பட்டியலில்தான் வருவார்கள். நடக்காததால் நோயா, நோயால் நடக்கவில்லையா என்பதைப் பிரித்தெடுக்க நாங்கள் என்னென்னவோ செய்கிறோம். ஆரம்ப வருஷங்களில் இறந்தவர்களை விட்டுவிட்டுக்கூடக் கணக்குப் போடுகிறோம். முழுசாகப் பிரிந்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 41 சதவீதம் என்பதை உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராத்திரி நடை பிடித்திருந்தால் நடங்கள். சாப்பிட்ட பின் கொஞ்சம் நடப்பது சர்க்கரைக்கு நல்லதுதான். வாட்ச் திட்டுகிறதே என்பதற்காக மட்டும் வேண்டாம். மகனிடம் சொல்லி இலக்கை 7,000 என்று மாற்றிவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

எம்.எஸ்சி. புள்ளியியல் மாணவி, மதுரை: உங்கள் வேலையில் தினமும் என்ன செய்வீர்கள்? அந்தத் தரவு பார்க்க எப்படி இருக்கும்?

கேட்டதற்கு நன்றி. வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நான் அதிகம் புழங்குவது பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பின் தரவில். 2006 முதல் 2010 வரை, 40-லிருந்து 69 வயதுக்குள் இருந்த ஐந்து லட்சம் பேரை அதில் சேர்த்தார்கள். 2013-க்கும் 2015-க்கும் இடையில் அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தபாலில் ஒரு சென்சார் போனது. ஏ.எக்ஸ்.3 என்று பெயர், எடை 11 கிராம். அதில் திரை கிடையாது, மணி காட்டாது, அடி காட்டாது, ‘எழுந்து நடங்கள்’ என்று அதிராது. எழுதும் கையில் கட்டிக்கொண்டு ஏழு நாள் வழக்கம்போல் இருந்துவிட்டுத் திரும்பத் தபாலில் போட வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் கூடுதலாக நடந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சென்சார் ஒரு விநாடிக்கு 100 தடவை, மூன்று திசையில் அசைவை எழுதிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஆறு கோடிக்கு மேல் பதிவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள். ஒரே ஒரு ஆளுக்கு. பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஓர் அடையாள எண் மட்டும்தான்.

கண்டுபிடிப்பு என்று நீங்கள் நினைப்பது என் வேலையில் கொஞ்சம்தான். பெரும்பகுதி சுத்தம் செய்வது. சென்சாரை மேஜைமேல் சும்மா வைத்தாலும் அது பூஜ்யம் காட்டாது. புவியீர்ப்பு இருக்கிறதே, 1 ஜி காட்டும். அதைக் கழித்தால்தான் மனுஷர் அசைந்தது தெரியும். சில சென்சார் சும்மா இருக்கும்போதே 1-க்குக் கொஞ்சம் கூடக் காட்டும், சில குறையக் காட்டும். அது அசையாமல் இருந்த நேரங்களைத் தேடிப் பிடித்து, அந்த நேரத்தில் 1 காட்டும்படி திருத்துவோம். அப்புறம், கழற்றி வைத்த நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தூங்கும் ஆள்கூட ஒரு மணி நேரம் முழுக்க ஆடாமல் அசையாமல் இருப்பது அபூர்வம். அதனால் மூன்று திசையிலும் 60 நிமிஷம் தொடர்ந்து ஏறக்குறைய அசைவே இல்லையென்றால், கழற்றி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறோம். மொத்தத்தில் 72 மணி நேரத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால் அந்த ஆளையே விட்டுவிடுவோம்.

இதெல்லாம் முடிந்த பிறகு, அதே அடையாள எண்ணுக்கு மருத்துவமனைப் பதிவில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்கிறதா, இறப்புப் பதிவில் இருக்கிறதா என்று இணைத்துப் பார்ப்பது. வாரம் முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்த ஒருவரின் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய பிறகு, அதே எண் இறப்புப் பட்டியலில் வந்தால் ஒரு மாதிரி இருக்கும். புள்ளியியல் வகுப்பில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று இந்தத் தரவில் தொண்ணூறாயிரம் பேரை எடுத்து 2021-ல் வெளியிட்ட முடிவு: அசைவு கூடக் கூட இதய நோய் குறைந்துகொண்டே போனது, ‘இதோடு போதும்’ என்ற எல்லை தென்படவில்லை. திருச்சிக்காரருக்கு 7,500-ல் சமமாகிறது என்றாயே, இது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். அங்கே அளந்தது அடிகளையும் இறப்பையும், அதுவும் சராசரி வயது 72 ஆன பெண்களிடம். இங்கே அளந்தது உடம்பின் மொத்த அசைவையும் புதிதாக வந்த இதய நோயையும், ஆண் பெண் இருவரிடமும், வயதும் குறைவு. இரண்டு கேள்விக்கு ஒரே பதில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பு அனுப்பியவர்களில் 5.5 சதவீதம் பேர்தான் பயோபேங்கில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் அந்த நாட்டுச் சராசரியைவிட ஆரோக்கியமானவர்கள், வசதியானவர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஆயுளில் ஒரே ஒரு வாரம் அளந்ததை வைத்துப் பல வருஷத்துக்குப் பேசுகிறோம். நம் ஊரைப் பொறுத்தவரை, சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆர்.எம். அஞ்சனாவும் மற்றவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் 14,227 பேரிடம் கேட்டதில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். அது கேள்வித்தாள் வைத்து எடுத்தது. ‘வாரத்துக்கு எவ்வளவு நேரம் நடப்பீர்கள்?’ என்று கேட்டால் மனிதர்கள் தாராளமாகத்தான் சொல்வார்கள். நாற்று நடுகிறவரின் கையில் ஏழு நாள் சென்சார் கட்டிப் பார்த்தால் அந்த அலைகள் எப்படி இருக்கும்? நீங்கள் படித்து முடித்துவிட்டு இதைச் செய்ய வந்தால் சந்தோஷப்படுவேன்.

இல்லத்தரசி, தென்காசி: காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரை உட்கார நேரமில்லை. தண்ணீர் எடுப்பது, மாடியில் துணி காயப்போடுவது எல்லாம் நான்தான். வாட்ச் 2,800 அடி என்கிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, ‘நீ ஒண்ணும் நடக்கலையே’ என்கிறார். வாட்ச் பழுதா?

பழுது இல்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாட்சுக்கு உங்கள் கால் தெரியாது, மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். கை முன்னும் பின்னும் சீராக வீசும்போது வரும் தாளத்தைப் பார்த்து, ‘இது நடை’ என்று ஊகிக்கிறது. குடத்தை இடுப்பில் வைத்து அணைத்துக்கொண்டு நடந்தால் அந்தக் கை வீசாது. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் வீசாது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் அப்படியே. அதெல்லாம் கணக்கில் வராது. மாறாக, சப்பாத்தி தேய்ப்பதும் பாத்திரம் விளக்குவதும் சில நேரம் அடியாக ஏறிவிடும். ஒரு நாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வாட்சையும் கட்டிக்கொண்டு, சாயங்காலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாமியாருக்கும் காட்டுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல சேதி ஒன்று 2022-ல் வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் இமானுவேல் ஸ்டமட்டாகிஸ் குழு, மேலே சொன்ன அதே பிரிட்டன் தரவிலிருந்து ‘நாங்கள் உடற்பயிற்சி எதுவும் செய்வதில்லை’ என்று சொன்ன 25,241 பேரைத் தனியாக எடுத்தது. சராசரி வயது ஏறக்குறைய 62. வாக்கிங் போகாத, ஜிம்முக்குப் போகாத ஆட்கள். ஆனால் அவர்களில் பலர் அன்றாட வேலைக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிஷம் மூச்சு வாங்கும்படி எதையோ செய்திருந்தார்கள்: மாடிப்படி விறுவிறுவென்று ஏறுவது, கனமான பையோடு நடப்பது, பஸ்ஸுக்கு ஓடுவது. நாளுக்கு மூன்று தடவை அப்படிச் செய்தவர்களிடம், ஒரு தடவையும் செய்யாதவர்களைவிட இதய ரத்தநாள நோயால் வந்த இறப்பு 48, 49 சதவீதம் குறைவு. சராசரியாக ஏழு வருஷம் பார்த்துவிட்டுச் சொன்னது. கேள்வித்தாளில் இந்த ஒன்றிரண்டு நிமிஷங்கள் அகப்பட்டிருக்கவே மாட்டா. யாருக்கு ஞாபகம் இருக்கும்? சென்சார் இருந்ததால்தான் தெரிந்தது.

எனவே தண்ணீரோடு மாடியேறும் உங்கள் நிமிஷங்கள் வீணில்லை. ஆனால் ஒன்று: அடுப்பு முன்னால் மூன்று மணி நேரம் நிற்பது களைப்பைத் தரும், மூச்சு வாங்க வைக்காது. களைப்பும் பயிற்சியும் ஒன்றில்லை. அந்த மூன்று மணியில் ஒரு மணியை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொண்டால் நீங்கள் கைவீசி நடந்துவிட்டு வரலாம். இதையும் மாமியாரிடம் காட்டுங்கள். அவர் மகனிடமும்.

கல்லூரி மாணவர், கோவை: பைக்கில் போகும்போதும் அடி ஏறுகிறது. எப்படி?

ரோடு. குண்டும் குழியுமான ரோட்டில் ஹேண்டில் அதிர்வதை நடை என்று சில வாட்ச் நினைத்துவிடும். உங்கள் மாநகராட்சி ரோடு போட்டால் உங்கள் அடி குறையும்.

ஓய்வு பெற்ற நடத்துநர், நாகர்கோவில்: 30 வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்தேன். பஸ் கண்டக்டருக்கு மாரடைப்பு வராது என்று ஒரு டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார். உண்மையா?

வராது என்பது பொய். ஆனால் டாக்டர் ஒரு பெரிய ஆய்வை நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார், அது எங்கள் துறைக்கே அடித்தளம்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், மாரடைப்பு ஏன் இப்படிக் கூடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மாரிஸ், வேலையைப் பொறுத்து வித்தியாசம் இருக்கிறதா என்று தேடினார். லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வர்க்கம், ஒரே மாதிரியான சம்பளம், ஒரே பஸ். ஓட்டுநர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மேலும் கீழுமாக நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுவார். சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களைப் பார்த்து 1953-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்: நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது ஏறிய பிறகு வந்தது, அதில் உயிர் போவதும் குறைவு. நம்ப முடியாமல், வெளியிடும் முன்பே தபால் இலாகாவையும் பார்த்திருந்தார். அங்கேயும் அதே கதை: நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்கள், மேஜையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களைவிடத் தப்பித்தார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஒல்லியானவர்கள் நடத்துநராகப் போயிருப்பார்கள், ஏற்கெனவே குண்டாக இருந்தவர்கள் ஓட்டுநராகியிருப்பார்கள், அதனால் வந்த வித்தியாசமோ? இந்தச் சந்தேகம் மாரிஸுக்கே வந்தது. போக்குவரத்து நிறுவனம் சீருடை தைக்க எடுத்து வைத்திருந்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். 1956-ல் அது தனிக் கட்டுரையாக வந்தது. சந்தேகம் சரிதான், ஓட்டுநர்களின் கால்சட்டை இளம் வயதிலேயே அகலமாக இருந்தது. ஆனாலும் பிறகு பார்த்ததில், ஒல்லியோ நடுத்தரமோ பருமனோ, எந்த உடம்பாக இருந்தாலும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவு என்று தெரிந்தது. விநாடிக்கு நூறு பதிவு எழுதும் சென்சார் கையில் இருக்கும் நாங்கள் தையல்காரர் நோட்டை நினைத்து அடிக்கடி வெட்கப்படுகிறோம். மாரிஸ் 2009-ல் இறந்தார், வயது 99.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பஸ்ஸில் மாடி இல்லை. நிற்பது வேறு, படியேறுவது வேறு. கூட்டத்தில் நுழைந்து டிக்கெட் கொடுத்தது நல்ல அசைவுதான், ஆனால் அந்த லண்டன் கணக்கை அப்படியே உங்களுக்கு எழுதிவிட முடியாது. முக்கியமாக, அது சேமிப்புக் கணக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்துவிட்டீர்களா என்பதுதான் இப்போது கேள்வி. கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை.

மென்பொருள் ஊழியர், சேலம்: வயது 34. தூங்கி எழுந்தால் வாட்சில் ‘இதயத் துடிப்பு சீராக இல்லை’ என்று அறிவிப்பு. பயத்தில் இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

தூங்குங்கள், ஆனால் டாக்டரையும் பாருங்கள்.

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது தோலுக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வந்து போவதால் திரும்பி வரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் தாறுமாறாக இருந்தால் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. உள்ளே ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச் வைத்திருந்த 4,19,297 பேரிடம் செய்த ஆய்வைக் கேளுங்கள். 2019 நவம்பரில் வெளியானது. அவர்களில் அரை சதவீதம் பேருக்குத்தான், 2,161 பேருக்கு, அறிவிப்பு வந்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். ஒட்டிக்கொண்டு, படிக்கும் நிலையில் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர்தான். அவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு இருந்தது. மற்றவர்களுக்கு வாட்ச் பொய் சொன்னது என்றும் இல்லை. இந்தக் கோளாறு வரும், போகும், பட்டை ஒட்டிய வாரத்தில் வராமல் இருந்திருக்கலாம். 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் அறிவிப்பு வந்ததே ஆயிரத்தில் இரண்டு பேருக்குக்கூட இல்லை.

அறிவிப்பை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டாக்டர் இ.சி.ஜி. எடுப்பார், தேவைப்பட்டால், துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ‘ஹோல்டர்’ என்ற கருவியை ஒரு நாளோ அதற்கு மேலோ மாட்டச் சொல்வார். வாட்ச் சந்தேகம் கிளப்பலாம், தீர்ப்பு சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

வாசகர், புதுக்கோட்டை: நெஞ்சு வலிக்கும்போது வாட்சில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன், நார்மல் என்றது. வீட்டிலேயே இருந்துவிட்டேன். சரிதானே?

சரியே இல்லை. வாட்ச் இ.சி.ஜி. இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்க்கிறது, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கோணம். வாட்சால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று செய்கிற கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன, சிறிய எழுத்தில். நெஞ்சில் வலி, அழுத்தம், வேர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இதில் எது வந்தாலும் வாட்சைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வந்துபோன அந்த வலியைப் பற்றி இன்றே ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

வாசகி, வேலூர்: வாட்ச் 450 கலோரி எரித்ததாகச் சொன்னால், அந்த அளவுக்குச் சாப்பிடலாமா?

கேள்வியின் பின்னால் ஒரு மெதுவடை தெரிகிறது. ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் 60 பேருக்கு ஏழு வகை வாட்ச்களைக் கட்டி, ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பை ஆறு வாட்ச்கள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில்? இருப்பதிலேயே நல்லது 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. வாட்ச் உங்கள் எடை, வயது, உயரம், துடிப்பை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாட்ச்கள் மாறியிருக்கின்றன. இருந்தாலும் இந்த எண்ணை நான் என் ஆராய்ச்சியில் தொடுவதே இல்லை. வடை வேண்டுமென்றால் வடைக்காகச் சாப்பிடுங்கள்.

வாசகர், ஈரோடு: அப்பாவுக்கு வயது 61, ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் 159, அதில் 70 சதவீதம் 111 வரை துடிப்பு ஏற வேண்டும் என்று ஆப் சொல்கிறது. எவ்வளவு நடந்தாலும் அவருக்கு 95-ஐத் தாண்டவில்லை. இன்னும் வேகமாக நடக்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களில் நிறையப் பேருக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை கொடுப்பார்கள். மெட்டோபிரோலால் மாதிரி. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. அப்பாவின் சீட்டில் அது இருந்தால், ஆப் கேட்கும் 111-க்காக அவரை விரட்டுவது பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் வேலை.

அந்த 220 சூத்திரமும் அப்படியொன்றும் கறாரானதில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ் என்பவரும் உடன் வேலை பார்த்தவர்களும், அதுவரை வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளை வைத்துக் கண்ணுக்குத் தோதாக இழுத்த கோடு அது. 2001-ல் டனாகா குழு நிறைய ஆய்வுகளைச் சேர்த்து, 208-லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொன்னது. அப்பாவுக்கு அது 165. அதுவும் சராசரிதான், ஒரே வயதில் இரண்டு பேருக்குள் 20 துடிப்பு வித்தியாசம் சாதாரணம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்பா வயதில் அந்த வேகம் போதும். மேற்கொண்டு கூட்டலாமா என்பதை அவரைப் பார்க்கும் இதய மருத்துவர், தேவைப்பட்டால் டிரெட்மில் டெஸ்ட் வைத்துச் சொல்லட்டும்.

வாசகி, தஞ்சாவூர்: என் நடைக் கணக்கு யார் யாருக்குப் போகிறது? இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்தால் பிரீமியம் ஏறுமா?

ஆய்வுக்குக் கொடுப்பது ஒரு மாதிரி, ஆப்புக்குக் கொடுப்பது வேறு மாதிரி. எங்களிடம் வரும் தரவில் பெயர் இல்லை, எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்க முடியும். ஆப்பில் நீங்கள் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தும்போது எதற்கு அழுத்துகிறோம் என்று நானும் படிப்பதில்லை, நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். ஓடுபவர்களின் பாதைகளை ஸ்ட்ராவா என்ற ஆப் உலக வரைபடமாகப் போட்டதில், 2018 ஜனவரியில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே வெளியே தெரிந்துவிட்டது. ஒரு தெருவில் தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் நடை யாருடையது என்று கண்டுபிடிக்க அவ்வளவு சிரமமில்லை. நடைக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால், நடக்காவிட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இருப்பிட அனுமதியை அணைத்து வையுங்கள், அடி எண்ணுவதற்கு அது தேவையே இல்லை.

வாசகர், விருதுநகர்: குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் 1,500 ரூபாய்க்கு வருகிறதே?

வாங்காதீர்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆசிரியை, சிவகங்கை: எந்த வாட்ச் வாங்கலாம்? பட்ஜெட் ஐயாயிரம். எனக்கும் கணவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

பிராண்டு சொல்ல மாட்டேன். உங்களிடம் இருக்கும் போனிலேயே அசைவு சென்சார் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டிம் ஆல்தாஃப் குழு, 111 நாடுகளில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நடையை போனில் பதிவானதை வைத்தே ஆராய்ந்து 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. உலகச் சராசரி 4,961 அடி என்று வந்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்பறையில் நடந்தால் எண்ணாது, கைப்பையில் போட்டால் குறைத்து எண்ணும். இடுப்போடு ஒட்டி இருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் அப்படிப் பார்த்து, உங்கள் சராசரி 3,000 என்று வந்தால் அடுத்த மாதம் 4,000 ஆக்குங்கள். குறைந்த நடையிலிருந்து கொஞ்சம் ஏறும்போதுதான் பலன் அதிகம் தெரிகிறது, பெரும்பாலான ஆய்வுகளில்.

ஐயாயிரத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவு செய்து, மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் நல்ல பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம். ஐம்பது வயதில் உங்கள் இருவரின் இதயத்தைப் பற்றி, நான் இத்தனை நேரம் பேசிய அடிக் கணக்கைவிட ரத்த அழுத்தம் கூடுதலாகச் சொல்லும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல் இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். 140-க்கு 90-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.